கெட்டியான பெடலும் காற்றிழுக்கும் குழாயும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கார் வாங்கியிருப்போரின் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் சொந்த ஊர் போகப் பேருந்து நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நின்று தவித்த நாட்களைப் பலர் மறந்தே போயிருப்பர். கார் வந்தபின் அதற்குப் பெட்ரோல் ஊற்றுவதும் வாரம் ஒருமுறை கழுவுவதும் நமது கடமை, ஏனையவை யாவும் மெக்கானிக்கின் கடமை என்பது பெரும்பாலோர் கொண்டிருக்கும் எண்ணம். அவ்வெண்ணம் பெரும்பகுதி சரியானதே. ஆயினும் வண்டிக்கு வரும் நோய்களுள் ஒன்று மட்டும் மெக்கானிக்கின் கண்ணுக்குத் தெரியுமுன் ஓட்டுகிறவரின் பாதத்துக்குத் தெரிந்துவிடும். பிரேக் பெடல் இறுகிப்போய்க் கல்லாக நிற்பதே அந்நோய். அதைப்பற்றி, சென்ற மாசி மாதத்தில் கௌதள்ளியில் நேர்ந்ததைக் கொண்டு சில செய்திகளை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நாம் பத்தாம் வகுப்புத் தேறி, மைசூருவில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றுகிறோம். பொறியியல் கற்றதில்லை. ஆனால் ‘வேக்குவம்’ என்னும் சொல் இரயில்வேக்காரர் எவருக்கும் புதியதன்று. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டோம்.

கௌதள்ளி நம் துணைவியார் பிறந்த ஊர். கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர் வழியாக மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது. இன்று அது சாமராஜநகர் மாவட்டம். 1997 வரை மைசூரு மாவட்டம். 1956 நவம்பர் 1ஆம் நாளுக்கு முன்போ, கொள்ளேகாலம் வட்டம் முழுவதும் சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே, குடிபெயர்ந்தோர் என்ற சொல் மாமனார் வீட்டாருக்குப் பொருந்துமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. அவர்கள் வீடு நின்ற இடத்திலேயே நிற்க, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் நாம் மட்டுமே. இது விஷயத்துக்குப் புறம்பான பேச்சு; ஆனால் சாலையைச் சொல்ல இது வேண்டியிருக்கிறது. கௌதள்ளியைத் தாண்டித் தாளபெட்ட சென்றால் மலைப்பாதை தொடங்கும். மலையில் ஏறி மறுபுறம் பாலாறு வரை இறங்கினால் மேட்டூர்ச் சாலை. கொண்டை ஊசி வளைவுகளும் காடும் யானை நடமாட்டமும் உள்ள அந்த வழியில், பிரேக்கை நம்பித்தான் உயிர்.

மாமனார் வீட்டில் இருப்பது சிறிய பெட்ரோல் கார். வயது பன்னிரண்டைக் கடந்தது. மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். மேட்டூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மைத்துனிக்கு ஏழாம் மாத வளைகாப்பு நிச்சயமாயிருந்தது. அது முடிந்ததும் வழக்கப்படி பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வண்டியை ஓட்டப்போகிறவர் மாமனார். அவருக்கு 66 வயது, வலது முழங்காலில் வாதம். நாளோ சிவராத்திரியை ஒட்டிய வாரம். அவ்வாரத்தில் அந்தச் சாலையில் மலைக்குக் கால்நடையாகச் செல்லும் பக்தர்கள் குழந்தை குட்டிகளோடு சாரிசாரியாய் நடப்பர். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு அந்தக் கூட்டத்தினூடே மலை இறங்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், பெடலைப்பற்றி நாம் ஏன் இத்தனை எழுதுகிறோம் என்பது விளங்கும்.

இரண்டு மாதங்கள் நின்றிருந்த வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தவர் நம் துணைவியார். முற்றத்தில் நிறுத்தி இறங்கியவர், “பெடலு அம்மிக்கல்லாட்டம் இருக்குதுங்கப்பா” என்றார். மாமனார் ஏறி அமர்ந்து இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியே.

“கெட்டியா இருந்தாத்தானுங்க மாப்பிள்ளை நல்ல பிரேக்கு. மெத்துன்னு உள்ள போனாத்தான் பயப்படோணும்.”

இதில் பாதி உண்மை. பெடல் மெத்தென்று ஆழமாகப் போனால், பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், அல்லது எண்ணெய் ஒழுகலாம். அது பயப்பட வேண்டிய நோய்தான். மாமனார் இளமையில் கொள்ளேகாலத்தில் வாடகை அம்பாசிடர் ஓட்டியவர். அந்தப் பழைய வண்டிகளில் பிரேக்குக்குத் துணைவிசை கிடையாது. பாதத்தின் பலமே பலம். 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் பழக்கம் அவர் காலைவிட்டு இன்னும் போகவில்லை. இறுகிய பெடல் அவருக்குப் பழைய நண்பனாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் துணைவிசை இல்லாமலே அமைத்த வண்டி வேறு. துணைவிசையை நம்பி அமைத்த வண்டி அதை இழந்து நிற்பது வேறு. பின்னதில் வண்டியை நிறுத்தப் பாதம் பன்மடங்கு அழுத்த வேண்டும். முற்றத்தில் மெல்ல நகரும் வண்டியில் அந்த வேறுபாடு தெரியாது. இறக்கத்தில், நாலு பேரின் பாரத்தோடு, வாதம் பிடித்த முழங்காலுக்குத் தெரியும்.

துணைவிசை எங்கிருந்து வருகிறது? பானெட்டைத் திறந்தால், ஓட்டுநருக்கு நேர் முன்னே, கறுப்புச் சாயம் பூசிய தட்டையான இரும்பு டப்பா ஒன்று தெரியும். மெக்கானிக்குகள் அதைப் பூஸ்டர் என்பர். பெல்ஜியம் நாட்டு ஆல்பர்ட் திவாந்தர் என்னும் பொறியாளர் 1920களில் உருவாக்கிய அமைப்பின் வழிவந்தது. டப்பாவின் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு. பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது காற்றை உள்ளே இழுக்கிறதல்லவா, அந்த இழுவையை ஒரு ரப்பர்க் குழாய் வழியாக இந்த டப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சவ்வின் இரு பக்கமும் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடமாக இருக்கும். பெடலை மிதித்தவுடன் ஒரு சிறு வால்வு திறந்து, நம் பக்கத்தில் மட்டும் வெளிக்காற்று புகும். மறுபக்கத்தில் வெற்றிடம். புகுந்த காற்று சவ்வைத் தள்ள, சவ்வு பிரேக் தண்டைத் தள்ளும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள சவ்வுக்கு 314 சதுர சென்டிமீட்டர் பரப்பு. வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு காற்று உறிஞ்சப்பட்டிருந்தால் சவ்வின்மேல் விழும் பாரம் சுமார் 200 கிலோ. இரண்டு நெல் மூட்டைகளுக்கு மேற்பட்ட எடையைக் காற்றே நமக்காகச் சுமந்து தள்ளுகிறது. நாமோ செருப்புக் காலால் மெல்ல மிதித்துவிட்டு நம் கால் பலம் என்று எண்ணியிருக்கிறோம்.

இங்கே இரயில்வேக்காரர் ஒருவருக்குத் தோன்றும் ஐயம் ஒன்று உண்டு. பழைய இரயில்களிலும் வேக்குவம் பிரேக்தான் இருந்தது. ஆனால் அங்கே வெற்றிடத்தின் வேலை நேர் எதிரானது. எஞ்சினிலிருந்து கார்டு பெட்டி வரை நீளும் குழாயில் காற்றை உறிஞ்சி வைத்தால் பிரேக் தளர்ந்திருக்கும். எங்கேனும் ஓரிடத்தில் காற்றுப் புகுந்தால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் விழுந்துவிடும். அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நின்றது இதனால்தான். சங்கிலி ஒரு வால்வைத் திறந்து குழாய்க்குள் காற்றை விட்டது, அவ்வளவே. இன்று நம் பயணி வண்டிகளில் அழுத்தக் காற்றுப் பிரேக் வந்துவிட்டது என்றாலும் கொள்கை மாறவில்லை. குழாய் அறுந்தால் வண்டி நிற்க வேண்டும். மைசூருவில் 1979இல் அமைத்த இரயில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் அன்பர்கள், பழைய நீராவி எஞ்சின்களின் முகப்பில் வளைந்து தொங்கும் தடித்த ரப்பர்க் குழாயைக் காட்டி இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இந்தக் கொள்கை எளிதில் வந்ததன்று. 1889 ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தில் அர்மா என்னும் ஊருக்கு அருகே, ஞாயிற்றுப் பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற வண்டி ஏற்றத்தில் ஏற மாட்டாமல் நின்றது. அவ்வண்டியில் இருந்ததும் வேக்குவம் பிரேக்தான். ஆனால் வெற்றிடம் இருந்தால் மட்டும் பிடிக்கும் பிரேக். முன் பெட்டிகளை முதலில் மேலே கொண்டுபோகலாம் என்று வண்டியை இரண்டாகப் பிரித்தார்கள். பிரித்த கணமே பின் பெட்டிகளின் வெற்றிடம் போயிற்று. சக்கரங்களுக்குப் பின்னே கற்களை வைத்தும், கைப் பிரேக்கைப் போட்டும் பயனில்லை. பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, அடுத்து வந்த வண்டியில் மோதின. 80 பேர் மாண்டனர், பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, பயணி வண்டிகளில் தானே பிடிக்கும் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

காரில் உள்ள பூஸ்டரோ, இந்த ஒரு விஷயத்தில் அர்மா வண்டியின் இனத்தைச் சேர்ந்தது. வெற்றிடம் இருந்தால் துணை. போனால் துணையும் போயிற்று. கார் தானாக நிற்காது. மணியடித்துச் சொல்லவும் செய்யாது. பிரேக் அடியோடு போய்விடாது என்பது ஒன்றே ஆறுதல்; பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே எண்ணெய் வழியான தொடர்பு அப்படியே இருக்கும். இரயிலில் வேக்குவம் மானியைக் கார்டு பார்த்துக்கொண்டிருந்தார். காரில் மானி கிடையாது. பெடலே மானி, ஓட்டுநரே கார்டு.

அந்த மானியைப் படிக்கும் முறையை மாமனாருக்கு முற்றத்திலேயே காட்டினோம். வண்டியைச் சமதரையில் வெட்டவெளியில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். (மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது, புகை ஆளைக் கொல்லும்.) எஞ்சின் நின்றிருக்கையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால், டப்பாவில் எஞ்சியிருக்கும் வெற்றிடம் தீர்ந்து பெடல் இறுகும். இறுகிய பெடலின்மேல் பாதத்தை அழுத்தி வைத்தபடியே எஞ்சினை இயக்க வேண்டும். பூஸ்டர் நலமாயிருந்தால், எஞ்சின் உயிர் பெற்றதும் பெடல் பாதத்தின் கீழ் ஓர் அங்குலம் போலத் தானே இறங்கும். யாரோ அடியிலிருந்து பெடலைப் பிடித்து இழுத்ததைப் போன்றிருக்கும் அந்த உணர்வை ஒருமுறை அறிந்தவர் மறவார். அன்று மாமனாரின் பாதத்தின் கீழ் பெடல் அசையவே இல்லை.

மற்றொரு சோதனை: எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்திப் பிறகு மிதித்தல். முதல் மிதி மெத்தென்றும், இரண்டாவது அதைவிடக் கெட்டியாகவும், மூன்றாவது இன்னும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் டப்பாவில் வெற்றிடம் தங்கவில்லை என்று பொருள். எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்து, மிதித்தபடியே எஞ்சினை நிறுத்தி, அரை நிமிடம் காத்திருப்பதும் உண்டு. பெடல் பாதத்தை மேலே தள்ளினால் எங்கோ கசிவு. நாம் கண்ட வரையில் முதற் சோதனை ஒன்றே வீட்டாருக்குப் போதுமானது. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

கசிவு எங்கே? எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போதே மூச்சு வாங்கியது. சீராக ஓடாமல் தூக்கித் தூக்கிப் போட்டது. வேண்டாத காற்று உட்புகுவதன் அடையாளம் அது. மைத்துனர் தோட்டத்திலிருந்து இரண்டடிக் குழாய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ரப்பர்க் குழாயின் நெடுகிலும் நகர்த்தினோம், வைத்தியர் மார்பில் குழல் வைத்துக் கேட்பதைப் போலவே. (துண்டையும் சட்டைக் கையையும் ஓடும் பெல்ட்டுக்கு எட்டாதபடி கட்டிக்கொண்டோம்.) பூஸ்டருக்கு ஒரு சாண் முன்னே, குழாய் வளைந்து கீழிறங்கும் இடத்தில் பாம்பு சீறுவதைப் போன்ற ஓசை. துணி சுற்றிய விரல்களால் எஞ்சின் பக்கத்தில் குழாயை நெரித்துப் பிடித்ததும் சீற்றம் நின்றது. எஞ்சினும் உடனே சீராயிற்று. எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின் குழாயைத் திருப்பிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் இரண்டு கீறல்கள், எலிப்பல்லின் அகலத்தில். மாட்டுத் தீவனம் வைத்த கொட்டகையில் இரண்டு மாதம் நின்ற வண்டியின் கதை அவ்வளவுதான்.

“ஏனுங்க மச்சான், சொட்டுநீர்ப் பைப்பு சுருள் சுருளாக் கெடக்குதே, அதுல ஒரு முழம் வெட்டிப் போட்டா ஆவாதுங்களா?” என்றார் மைத்துனர். கேள்வி நியாயமானது, கிராமத்தில் அரைப் பழுதுகள் அவ்வாறே தீர்கின்றன. ஆனால் நீர்க்குழாய் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. வேக்குவம் குழாயின்மேல் அழுத்தம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. மெல்லிய குழாயின் ஒரு முனையை அடைத்து மறு முனையில் வாய் வைத்து உறிஞ்சினால் அது ஒட்டிப்போவதை மைத்துனரே செய்து பார்த்தார். எஞ்சின் சூட்டில் இளகிய குழாய் அவ்விதம் ஒட்டிக்கொண்டால், கசிவு இல்லாமலே வெற்றிடம் டப்பாவுக்குப் போய்ச் சேராது. ஒட்டுநாடா சுற்றுவதும் இதே வகைதான். பசை சூட்டில் உருகும். தடித்த சுவரும் உள்ளே நூற்பின்னலும் உடைய, பூஸ்டருக்கென்றே செய்த குழாய்தான் வேண்டும். மைத்துனர் பழைய குழாயையே மாதிரியாக எடுத்துக்கொண்டு கொள்ளேகாலம் சென்று, அதே உள்விட்டமும் நீளமும் உள்ள புதியதை இரண்டு கிளிப்புகளோடு வாங்கி வந்தார். விலை, நால்வர் ஓட்டலில் ஒருவேளை உண்ணும் செலவைத் தாண்டவில்லை.

குழாயும் பூஸ்டரும் சேரும் இடத்தில் விரலளவு பிளாஸ்டிக் வால்வு ஒன்று உண்டு. காற்றை எஞ்சின் பக்கம் போகவிடும், திரும்பி வரவிடாது. எஞ்சின் நின்றுபோனாலும் இரண்டு மூன்று மிதிக்கு வேண்டிய வெற்றிடத்தை டப்பாவில் காத்து வைப்பது இதுவே. அதைத் திருகினாற்போல் மெல்லக் கழற்றித் துடைத்து, வாய் வைத்து ஊதிப் பார்த்தோம். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்றுப் போயிற்று. எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் போகவில்லை. ஆகவே வால்வு நலம். இரு பக்கமும் காற்றுப் போனாலும், எப்பக்கமும் போகாவிட்டாலும் வால்வை மாற்ற வேண்டும். அது பொருந்தும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது.

நம் கை இதற்குமேல் போகவில்லை. குழாயும் வால்வும் நலமாயிருந்தும் பெடல் இறங்காவிட்டால் பூஸ்டரின் சவ்வு கிழிந்திருக்கலாம். அது பட்டறை வேலை. எண்ணெய்க் குழாய்களை வீட்டில் கழற்றுவது கூடவே கூடாது. ஒரு சொட்டுக் காற்றுப் புகுந்தால் கெட்டியான பெடல் போய் மெத்தென்ற பெடல் வந்து சேரும். டீசல் வண்டிகளின் அமைப்பும் சற்று வேறு. அவற்றில் எஞ்சினின் இழுவை போதாதென்று தனி வேக்குவம் பம்பு வைத்திருப்பர். பல வண்டிகளில் அது மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் பாட்டரியின் சிவப்பு விளக்கு எரியும். அதே கணத்தில் பிரேக்கின் துணைவிசையும் போய்க்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கைப் பாட்டரிக் கோளாறு என்று மட்டும் எண்ணி மலை இறங்குவோர் இதை அறிந்திருக்க வேண்டும்.

மலைப்பாதையில் சிலர் பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுகிறார்கள். இதைக் கெட்டிக்காரத்தனமாக நம்மிடமே கூறியவர்களும் உண்டு. அவர்கள் மிச்சம் பிடிப்பது சில ரூபாய். அதற்கு ஈடாக, இரண்டாவது மூன்றாவது மிதியோடு பூஸ்டரை இழந்து, நாலாவது வளைவை வெறும் காலால் சந்திக்கிறார்கள். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர் என்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கு. வழியில் பெடல் இறுகிவிட்டால் விட்டுவிட்டு மிதிக்கலாகாது. இரண்டு காலையும் வைத்தாவது ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, கைப் பிரேக்கைச் சிறுகச் சிறுக இழுத்து ஓரங்கட்ட வேண்டும்.

புதிய குழாயைப் பொருத்தியபின் மாமனார் ஏறி அமர்ந்தார். ஐந்து முறை மிதித்தார். பாதத்தை அழுத்தி வைத்தபடியே சாவியைத் திருப்பினார். பெடல் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து செய்து பார்த்தார். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, அவர் காலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அன்று மாலை ஆள் நடமாட்டமற்ற சமதளச் சாலையில் மெல்ல ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்த்தோம். மறுநாள் நாமும் உடன் அமர்ந்து தாளபெட்ட வரை போய்த் திரும்பினோம். விடுப்பு முடிந்து நாம் மைசூருவுக்குத் திரும்பிய பிறகே வளைகாப்பு நடந்தது. பெண்ணை அழைத்துக்கொண்டு வரும்போது மலையில் நடைக்கூட்டம் மிகுதியாக இருந்ததாகவும், இரண்டாம் கியரிலேயே இறங்கியதாகவும் மாமனார் தொலைபேசியில் கூறினார். முழங்காலைப்பற்றிக் கேட்டோம், அது எப்போதும் போலத்தான் வலிக்கிறதாம்.

கொட்டகையில் தீவன மூட்டைகள் இப்போது வேறு மூலைக்குப் போய்விட்டன. மாமியார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பூனைக்குட்டியைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அது பகல் முழுவதும் பானெட்டின்மேல் படுத்துத் தூங்குகிறது என்பது மைத்துனரின் புகார்.